ஆறு நாள் விடுப்பும் நாலரை மணி வெந்நீரும்

ஜூன் 2, திங்கள்

அக்காவுக்கு,

வணக்கம். நமக்குள் பேச்சு நின்று மூன்று வருஷமும் இரண்டு மாதமும் ஆகிறது. இனி உங்களோடு பேசுவதில்லை என்று சாமி முன்னால் சொல்லிவிட்டேன், அதை மாற்றப்போவதில்லை. எழுதுவதில்லை என்று சொல்லவில்லை. அதனால் எழுதி, உங்கள் தம்பி கையில் கொடுத்தனுப்புகிறேன். அவர் பிரித்துப் படிக்க மாட்டார். கடைக்கு வரும் கடிதங்களையே நான்தான் பிரிக்க வேண்டியிருக்கிறது.

விஷயம் இதுதான். இந்த வருஷம் இவர் கடையில் தண்ணீர் பம்ப் நன்றாக விற்றிருக்கிறது. நிறைய விற்ற கடைக்காரர்களை, மனைவியோடு, கம்பெனி ஆறு நாள் வெளிநாட்டுக்குக் கூட்டிப்போகிறது. இதற்கு முன்னாலும் இரண்டு தடவை இப்படி வந்தது. மாமாவை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று நான் போகவில்லை. ஒரு தடவை இவர் பக்கத்துக் கடை பெயிண்ட்காரரைக் கூட்டிப்போனார். "டீலர் மனைவி" என்று அச்சடித்த அட்டையை அந்த மனிதர் ஆறு நாளும் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தாராம்.

இந்தத் தடவை எனக்குப் போக வேண்டும். ஊர் பார்க்கும் ஆசை ஒன்றும் இல்லை. முடியவில்லை, அவ்வளவுதான். போன வாரம் அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றபடியே தூங்கிப்போனேன். மாமா வாக்கரை ஊன்றிக்கொண்டு வந்து அடுப்பை அணைத்திருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்த மனிதர் எழுந்து வந்து என்னைக் காப்பாற்ற வேண்டுமென்றால், அவரைப் பார்த்துக்கொள்ள நான் எதற்கு?

பதினைந்தாம் தேதியிலிருந்து இருபத்தொன்றுவரை நீங்கள் வந்து உங்கள் அப்பாவைப் பார்த்துக்கொள்ள முடியுமா? முடியாதென்றால் முடியாது என்று எழுதிவிடுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டேன். கோபம் ஏற்கெனவே வேண்டிய அளவு இருக்கிறது.

தம்பி மனைவி

ஜூன் 5, வியாழன்

கணக்குப்பிள்ளைக்கு,

மாதக் கணக்குவரை எண்ணி எழுதிய உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நாலாவது தடவை படித்தால் அழுகை வரும் போலிருந்தது, நிறுத்திவிட்டேன். வருகிறேன். இதைச் சொல்ல மூன்று வருஷம் ஆனதற்கு நாம் இரண்டு பேரும் வெட்கப்படலாம். நீ கொஞ்சமாகப் படு, நான் அதிகமாகப் படுகிறேன்.

இன்ஷூரன்ஸ் ஆபீசில் ஓய்வு பெறும்வரை முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்து தேய்ந்த நாற்காலியைத் தவிர எனக்கு அனுபவம் உள்ளது ஊர் சுற்றுவதில் மட்டும்தான். நீ கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

பெட்டி சின்னதாக இருக்கட்டும். உன்னை எனக்குத் தெரியும், பாத்திரம் தேய்க்கும் நார் வரைக்கும் எடுத்துவைப்பாய். ஹோட்டலில் தேய்க்கப் பாத்திரம் கிடையாது. புதுச் செருப்பு வாங்காதே, பழகின செருப்போடு போ. காலைச் சாப்பாடு வாடகையிலேயே சேர்ந்தது என்பதால் மூன்று வேளைக்கும் சேர்த்துச் சாப்பிடுகிறவர்களைப் பார்ப்பாய், அவர்களோடு சேராதே. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களை மறுபடி பார்க்க வேண்டியதே இல்லை, அதனால் ஜன்னலோரத்தைக் கேட்டு வாங்கிக்கொள். என் தம்பிக்கு விட்டுக்கொடுத்தால் அவன் அங்கேயும் செல்போனில் பம்ப் விலைதான் பேசிக்கொண்டிருப்பான்.

வழிகாட்டி ஒரு கொடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போவார். ஒருதரம் நான் தப்பான கொடிக்குப் பின்னால் போய் வேறு கூட்டத்தோடு மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. சாப்பாடு எங்கள் கூட்டத்துச் சாப்பாட்டைவிட நன்றாக இருந்தது. ஆகவே தொலைந்துபோவதற்குப் பயப்படாதே.

சாவிக்கொத்து, காந்த பொம்மை எதுவும் யாருக்கும் வாங்கி வராதே. ஒருத்திக்கு வாங்கினால் ஒன்பது பேருக்கு வாங்க வேண்டும்.

கடைசியாக, முக்கியமானது. படுக்கையை மடித்துவைக்காதே. அதற்கு அங்கே ஒருத்தி இருப்பாள். ஒரு மத்தியானமாவது ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திரு. முதலில் கசக்கும். மருந்து மாதிரி விழுங்கிவிடு.

அக்கா

ஜூன் 11, புதன்

அக்காவுக்கு,

யோசனைகளுக்கு நன்றி. நாரைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டேன்.

இத்துடன் ஒரு நோட்டுப்புத்தகம் இருக்கிறது. பதினான்கு பக்கம். நான் ஐந்தாவதுவரைதான் படித்தேன் என்று உங்களுக்குத் தெரியும். மிச்சத்தைப் பிரார்த்தனைப் புத்தகத்தையும் பம்ப் கம்பெனி விலைப்பட்டியலையும் வைத்து நானாகக் கற்றுக்கொண்டேன். அதனால் எழுத்தில் பக்தியும் இருக்கும், பட்டியலும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் பக்கத்தை மட்டும் தவறவிடாதீர்கள். நாலரைக்கு வெந்நீர். நாலே முக்காலுக்கு அவரை எழுப்பிக் கழிப்பறைக்குக் கூட்டிப்போக வேண்டும், வாக்கருக்கு இடது பக்கம் நீங்கள் நிற்க வேண்டும். ஐந்தேகாலுக்குக் குளியல். ஐந்தே முக்காலுக்குக் காபி, சர்க்கரை இல்லாமல். பிறகு அவர் ஜன்னலோர நாற்காலியில் உட்காருவார், நான் விளக்கேற்றிப் பிரார்த்தனைப் புத்தகம் படிப்பேன். அவர் கண்ணை மூடிக் கேட்பார்.

அத்தை போன பிறகு இரண்டு மாதம் உங்களிடம் இருந்துவிட்டு அவர் எங்களிடம் வந்த அன்று, நீங்கள் வாசலில் நின்று சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "அப்பா நாலரைக்கு எழுந்திருவார். வெந்நீர் ரெடியா இருக்கணும். வேற எதுவும் கேக்க மாட்டார், இது ஒண்ணு தவறக் கூடாது." இந்த மாதத்தோடு எட்டு வருஷம். ஒருநாளும் தவறவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்த நாட்களிலும் தவறவில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, பழக்கத்தை மாற்றினால் அவர் தடுமாறுவார் என்பதற்காகச் சொல்கிறேன்.

மற்றதெல்லாம் நோட்டில் இருக்கிறது. மாத்திரை மஞ்சள் டப்பாவில்.

தம்பி மனைவி

ஜூன் 17, செவ்வாய்

அக்காவுக்கு,

இதை ஹோட்டல் தாளில் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். போட்டோ எடுத்தது இவர். "அக்காவுக்கும் பொண்டாட்டிக்கும் நடுவுல நான் போஸ்ட்மேன் ஆயிட்டேன்" என்று அலுத்துக்கொள்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் நான் பெட்டியோடு இறங்க, நீங்கள் பெட்டியோடு ஏற, ஒரு வார்த்தை இல்லாமல் விலகிப்போனோம். டாக்சிக்காரர் "யாரும்மா அவங்க, தெரிஞ்சவங்களா?" என்று கேட்டார். "நாத்தனார்" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார்.

நான் ஒன்றும் பார்க்கவில்லை, அக்கா. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நேற்றுக் காலை நாலரைக்கு எழுந்துவிட்டேன். வெந்நீர் வைக்க அடுப்பு இல்லை. குழாயிலேயே சூடாக வருகிறது. கொஞ்ச நேரம் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு படுக்கையை மடித்தேன், தரையைத் துண்டால் துடைத்தேன், விளக்கு இல்லாததால் ஜன்னல் பக்கம் திரும்பிப் படித்தேன். அறை சுத்தம் செய்கிறவள் எட்டு மணிக்கு வந்து பார்த்துவிட்டு, நாங்கள் காலி செய்துவிட்டோம் என்று நினைத்து என் துணிகளை எடுத்துப் பையில் போட ஆரம்பித்துவிட்டாள். நீங்கள் சொன்னதைக் கேட்டிருக்கலாம்.

அதற்குப் பிறகு தூக்கம். பஸ்ஸில் ஜன்னலோரம் கேட்டு வாங்கினேன், ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கினேன். படகில் தூங்கினேன். மீன்கள் இருக்கும் கண்ணாடிக் குகை ஒன்றாம், அதன் வாசல் பெஞ்சில் தூங்கினேன். பெரிய டீலர் ஒருவரின் மனைவி என்னைத் தட்டி எழுப்பி, "உடம்புக்கு ஏதாவதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பின்னே, இவ்ளோ செலவு பண்ணி கூட்டிட்டு வந்திருக்காங்க, கண்ணத் தொறந்து பாருங்க" என்றார்.

இவருக்கு அவமானமாகிவிட்டது. "எல்லார் வீட்டு அம்மாவும் போட்டோ எடுத்துக்கறாங்க. நீ வாயப் பொளந்து தூங்கற போட்டோ நாலு பேர்கிட்ட இருக்கு" என்றார். இன்று நான் வரவில்லை என்று சொல்லி அறையிலேயே இருந்துவிட்டேன். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்து மத்தியானம் மூன்றரைக்கு எழுந்தேன். நேற்றிலிருந்து மொத்தம் பத்தொன்பது மணி நேரம் தூங்கியிருக்கிறேன், எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் தூக்கம் வருகிறது. எனக்கு ஏதாவது வியாதியா என்று பயமாக இருக்கிறது.

ஊரில் கேட்டால் என்ன சொல்வது? நீங்கள் பார்த்த கடல் ஏதாவது ஒன்றைப் பற்றி நாலு வரி எழுதி அனுப்புங்கள், அதையே சொல்லிக்கொள்கிறேன்.

மாமா எப்படி இருக்கிறார்? நாலரை தவறவில்லையே?

தம்பி மனைவி

ஜூன் 18, புதன்

கணக்குப்பிள்ளைக்கு,

உனக்கு வியாதி இல்லை. உட்கார்ந்து படி.

திங்கட்கிழமை உன் நோட்டின்படி எல்லாம் செய்தேன். நாலரை, நாலே முக்கால், ஐந்தேகால். ஆறு மணிக்கு அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை. ஒரே ஒரு நாள்தான். நோட்டில் இன்னும் பதின்மூன்று பக்கம் பாக்கி இருந்தது.

நேற்று எனக்கு விழிப்பு வரவில்லை. கண்ணைத் திறந்தபோது மணி ஏழு. அலறியடித்துக்கொண்டு அப்பா அறைக்கு ஓடினேன். அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நான் கதவைத் திறந்த சத்தத்தில் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"அவ ஊருக்குப் போயிட்டால்ல?"

"போயிட்டாப்பா. ஞாயித்துக்கிழமையே போயாச்சு."

"அப்ப நான் இன்னும் கொஞ்சம் தூங்கலாமா?"

தூங்கினார். எட்டேகால் வரைக்கும். எழுந்து, சர்க்கரை போட்டுக் காபி கேட்டார். போடவில்லை, கவலைப்படாதே. அப்புறம் நான் கேட்டேன், "நாலரைக்கு எழுந்தாத்தானே உங்களுக்கு ஒத்துக்கும்?"

"யார் சொன்னது? பஸ் டிப்போவுல வேலை பார்த்த காலத்துல காலை ஷிப்ட் போட்டாலே சண்டை போடுவேன். இந்தப் பொண்ணு சாமி கும்பிடறவ. விடியறதுக்குள்ள வீடு எழுந்திருக்கணும்னு நினைக்குது. நான் படுத்துக் கெடந்தா அது மனசு கஷ்டப்படும். அதான் எழுந்து உக்காந்துக்கறது. நாற்காலில கண்ண மூடிட்டா கொஞ்சம் தூங்கிக்கலாம்."

கண்ணை மூடிக் கேட்கிறார் என்று எழுதியிருந்தாயே, அது இதுதான்.

இனி என் பங்கைச் சொல்ல வேண்டும். நேற்று முழுக்க இதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். சொல்லாவிட்டால் நீ சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு எழுந்துவிடுவாய்.

அப்பா என்னோடு இருந்த இரண்டு மாதமும் என் ஒற்றை அறையில் இருந்தார். ஆறு மணி ரயிலுக்காக நான் நாலரைக்கு அலாரம் வைப்பேன். அடித்ததும் அமுக்கிவிட்டு நான் மறுபடி தூங்கிவிடுவேன். அவருக்கு அதற்குமேல் தூக்கம் வராது. நான் கண் விழிக்கும்போது அவர் குளித்துவிட்டு உட்கார்ந்திருப்பார். அதைப் பார்த்து, அவருக்கு அதுதான் பழக்கம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அவரிடம் கேட்கவில்லை. உன் வாசலில் நின்று சட்டம் மாதிரிச் சொல்லிவிட்டு, பஸ் பிடிக்கப் போய்விட்டேன்.

அக்கா

ஜூன் 19, வியாழன்

அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை இவர் செல்போனைப் பிடித்தபடி எனக்குக் காட்டினார். நான் படித்து முடித்து ரொம்ப நேரம் கழித்துத்தான் தன் கை வலிப்பதை அவர் சொன்னார்.

கணக்குப் போட்டேன். எட்டு வருஷம், இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்திரண்டு நாள். மாமா ஆஸ்பத்திரியில் இருந்த பதினோரு நாளைக் கழித்துவிட்டேன், அங்கே யாருக்கும் தூக்கம் கிடையாது. ஏழு மணிக்கு எழுந்திருந்தால் நாளுக்கு இரண்டரை மணி நேரம் மிச்சம். மொத்தம் முந்நூற்று மூன்று நாளும் ஐந்தரை மணியும். இரவும் பகலும் சேர்த்து முழு நாட்கள், அக்கா. பத்து மாதம். ஒரு பிள்ளையைச் சுமக்கிற காலம் முழுக்க நான் ஒருத்தருக்கும் தேவைப்படாமல் விழித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

உங்கள் மேல் கோபமாக இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முந்தின கோபம் வேறு. அப்போது மாமா இடுப்பு உடைந்து படுத்திருந்தார், நீங்கள் தொப்பி போட்டுக்கொண்டு படகில் நின்ற போட்டோவைக் குடும்ப குரூப்பில் போட்டீர்கள். அந்தக் கோபத்தில் ஒரு சுகம் இருந்தது. நான் நல்லவள், நீங்கள் கெட்டவர். இந்தக் கோபத்தில் அது இல்லை. நானும் கேட்கவில்லையே. ஒரே வீட்டில் எட்டு வருஷம், "மாமா, உங்களுக்குத் தூக்கம் வருதா?" என்று ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். எழுப்பினால் உடனே எழுந்துகொள்வார். எழுந்துகொள்கிறாரே, பிடித்துத்தான் எழுந்துகொள்கிறார் என்று நினைத்தேன்.

இன்னொன்றை எழுத வெட்கமாக இருக்கிறது. விளக்கேற்றி நான் தினமும் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நாளைக்காவது இவருக்குக் கொஞ்சம் நேரம் கழித்து விழிப்பு வரட்டும். எட்டு வருஷம் சாமியிடம் கேட்டேன். கேட்க வேண்டிய ஆள் ஐந்தடி தள்ளி நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார்.

ஊர் திரும்பப் பிடிக்கவில்லை. இங்கே இருக்கவும் பிடிக்கவில்லை. இன்று மாலை இவர் வற்புறுத்திக் கடலோரத்துக்குக் கூட்டிப்போனார். கடல் இருந்தது. அவ்வளவுதான் எனக்கு எழுதத் தெரிகிறது.

தம்பி மனைவி

ஜூன் 20, வெள்ளி

கணக்குப்பிள்ளைக்கு,

உன் கணக்கைச் சரிபார்த்தேன். ஆபீஸ் பழக்கம். தப்பில்லை.

மன்னிப்புக் கேட்க மாட்டேன். முந்நூற்று மூன்று நாளுக்கு எப்படிக் கேட்பது? ஐந்தரை மணிக்கு வேண்டுமானால் கேட்கலாம்.

தொப்பியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்தப் போட்டோ எடுத்தது தம்பி போன் பண்ணுவதற்கு முந்தின நாள். நான் அதை அனுப்பியது அவன் போன் பண்ணினதற்கு அடுத்த நாள். தெரிந்தேதான் அனுப்பினேன். அப்பா விழுந்த செய்தி வந்தும் நான் திரும்பவில்லை, திரும்பினால் பார்த்துக்கொள்ளும் வேலை என் தலையில் விழுந்துவிடுமே என்று பயம். பயந்தவள் என்று தெரிவதைவிடக் கல்நெஞ்சுக்காரி என்று தெரிவது மேல் என்று தோன்றிற்று. அவ்வளவுதான் நான்.

இப்போது வெளிநாட்டுப் பயண யோசனையில் பாக்கியிருந்த ஒன்று. பயணத்திலிருந்து திரும்பினதும் நேராக வீட்டுக்குப் போகக் கூடாது. நாளைக்கு விமான நிலையத்திலிருந்து என் வீட்டுக்குப் போ. சாவி கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடம் இருக்கிறது, சொல்லி வைத்திருக்கிறேன். கொஞ்சம் வாயாடி. இரண்டு தடவை கொட்டாவி விட்டால் போய்விடுவாள். படுக்கை உறை மாற்றியிருக்கிறது. அலாரத்தின் பேட்டரியை எடுத்துப் போட்டுவிடு. உன் சாமிக்கு அலமாரியில் மேல்தட்டைக் காலி பண்ணிக்கொள், அங்கே என் தொப்பிகள்தான் இருக்கின்றன.

தம்பி இங்கே வரட்டும். அவனுக்கும் வாக்கரின் இடது பக்கம் எது என்று தெரிய வேண்டும்.

எத்தனை நாள் என்று கேட்காதே. நீ வருகிறேன் என்று எழுதும்வரை நான் இங்கே இருப்பேன். எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. நேற்று அப்பாவைக் குளிப்பாட்டும்போது இரண்டு பேரும் வழுக்கி, இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டோம். "அந்தப் பொண்ணுன்னா இப்படிப் பிடிக்காது" என்றார். "அப்ப அவளையே கட்டிட்டு அழுங்க" என்றேன். "அழுதுட்டுதானே இருக்கேன், அஞ்சு நாளா" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அக்கா

ஜூன் 26, வியாழன்

அக்காவுக்கு,

உங்கள் வீட்டில் ஐந்து நாளாக இருக்கிறேன். சமையலறையில் மூன்று டப்பாவுக்குப் பெயர் ஒட்டியிருக்கிறேன், அதற்குமேல் எதையும் தொடவில்லை. தையல்காரம்மாவுக்குக் கொட்டாவி புரியவில்லை. படுத்தே காட்டினேன், அப்போதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மருமகள் கதையைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் போனார்.

முதல் மூன்று நாளும் நாலரைக்கே விழிப்பு வந்தது. பேட்டரியை எடுத்து என்ன பயன், அலாரம் எனக்குள்ளேயே இருக்கிறது. எழுந்து உட்கார்ந்துகொண்டு, இப்போது யாருக்கும் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிக்கொள்வேன். நம்புவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நேற்று ஆறு மணி. இன்றைக்குக் கண்ணைத் திறந்தால் முகத்தில் வெயில், மணி ஏழு பத்து. விளக்கேற்றவில்லையே என்று பதறிப்போய் எழுந்தேன். ஏழரைக்கு ஏற்றினேன். சாமி ஒன்றும் சொல்லவில்லை. வேண்டிக்கொள்ள எதுவும் உடனே வாயில் வரவில்லை, சும்மா கும்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். மனசு ஆறிவிட்டதா என்று கேட்டால் இல்லை. ஆறுகிறவரை காத்திருந்தால் நீங்கள் அங்கே எலும்பும் தோலுமாகிவிடுவீர்கள். ஆனால் பழைய மாதிரி வரவில்லை. மாமா எப்போது எழுந்திருக்கிறாரோ அப்போது எழுந்திருக்கட்டும். மாதத்தில் பத்து நாள் நீங்கள் அங்கே, நான் இங்கே. நோட்டின் முதல் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள். குளியலுக்குப் பிடிக்கும் விதத்தை நான் எழுதிக் காட்ட முடியாது, நின்று காட்டுகிறேன். வாய் திறக்க மாட்டேன், கையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு விஷயம். நான் என்றைக்கு வருகிறேன் என்று மாமாவிடம் சொல்லாதீர்கள். சொன்னால் அன்றைக்கு நாலரைக்கே எழுந்து, குளித்து, உட்கார்ந்திருப்பார்.

தம்பி மனைவி